என் மகளின் மடத்திலிருந்து வந்த உறை

செவ்வாய்க்கிழமை பிற்பகல் இரண்டு மணி நாற்பது நிமிடம். இவ்வளவு சரியாகச் சொல்ல முடிவதற்குக் காரணம், பெட்டி வந்து சேர்ந்த நேரத்தை வரவேட்டில் நானே எழுதியிருந்தேன்: 2.35. அதற்கு ஐந்து நிமிடம் கழித்து, இருபத்தாறு வருட வேலையில் ஒருமுறைகூடச் செய்யாத ஒன்றைச் செய்தேன். யாரும் வாசிக்கக்கூடாத உறை ஒன்றிலிருந்து தாளை வெளியே எடுத்து வாசித்தேன்.

இதை உங்களுக்கு எழுதுகிறேன் என்றால் காரணம் உண்டு. உங்களில் சிலர் இப்போது லண்டனில் நம் ஊர்ச் சங்கங்களின் பெட்டிகளை அடுக்கத் தொடங்கியிருக்கிறீர்கள். சிலர் பங்குக் கோயில்களின் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளைப் பட்டியலிடுகிறீர்கள். தாளை எப்படிப் பாதுகாப்பது, எந்த ஈரப்பதம் ஆகும் ஆகாது என்பதையெல்லாம் உங்கள் வகுப்புகளில் என்னைவிட நன்றாகச் சொல்லித் தருகிறார்கள். நான் சொல்ல வருவது வேறு. ஒருநாள் உங்கள் மேசைக்கு வரும் பெட்டியில் உங்கள் சொந்த வீடு இருக்கும். அந்த நாளில் நீங்கள் என்ன செய்வீர்கள் என்பது பற்றி.

நான் வேலை பார்த்தது பெனடிக்டின் கன்னியர் மடங்களின் ஒன்றியம் ஒன்றின் ஆவணக் காப்பகத்தில். லண்டனின் தெற்கே, டிராம் ஓடும் தெருவில், முன்பு பள்ளிக்கூடமாக இருந்த கட்டடம். மூடப்பட்ட மடங்களின் தாள்கள் அங்கே வரும். திறந்திருக்கும் மடங்களின் தாள்களில் ஒரு பகுதியும் வரும். நானும் எங்கள் பொறுப்பாளரும் மட்டும்தான் முழுநேர ஊழியர்கள். பொறுப்பாளர் மலேசியத் தமிழர், ஈப்போவில் பிறந்தவர், படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர். என்னைவிடப் பத்து வயது இளையவர், எனக்கு மேலதிகாரி. நான் மன்னாரைச் சேர்ந்தவன் என்பதால் என் தமிழைக் கேட்டு முதல் ஒரு வருடம் சிரித்துக்கொண்டே இருந்தார். அவருடைய தமிழைக் கேட்டு நானும்தான்.

பெனடிக்டின் மடங்கள் என்றால், தலைமையகம் ஒன்று எங்கோ இருந்து கிளைகளை ஆள்கிறது என்றுதான் வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஒவ்வொரு மடமும் ஒரு தனி வீடு. அங்கே சேரும் ஒருவர் வார்த்தைப்பாடு கொடுக்கும்போது அந்த ஒரு வீட்டுக்குத்தான் தன்னைக் கட்டிக்கொள்கிறார். அங்கேயே இருப்பேன், அங்கேயே சாவேன் என்பது அதன் பொருள். இந்த ஏற்பாட்டின் அழகு அதுதான், ஆபத்தும் அதுதான். தலைவர் நல்லவரானால் வீடு செழிக்கும். தலைவர் கெட்டவரானால் அவர் சாகும்வரை கேட்க ஆளில்லை. நடுக்காலத்தின் கடைசி நூற்றாண்டுகளில் ஐரோப்பாவின் பல மடங்கள் அப்படித்தான் உள்ளுக்குள் உளுத்துப்போயின. மழை ஒழுகும் ஜெபக்கூடம், வேட்டை நாய்கள் வளர்க்கும் தலைவர், மடத்துக்கே வராமல் அதன் வருமானத்தை மட்டும் வாங்கிக்கொண்டிருந்த பெரிய மனிதர் என்று அக்காலத்துத் தாள்கள் சொல்லும்.

இதற்கு மருந்து தேடியவர்கள் இரண்டு வழியில் போனார்கள். மிகப் பழைய காலத்தில் ஒரு பெரிய மடம் நூற்றுக்கணக்கான வீடுகளைத் தன் ஒரே தலைவரின் கீழ் கொண்டுவந்தது. தலைவர்கள் திறமையாக இருந்தவரை அது நடந்தது. தலைமை தளர்ந்தபோது எல்லா வீடுகளும் சேர்ந்து தளர்ந்தன. பின்னால் வந்தவர்கள் அதைப் பார்த்து வேறு மாதிரி யோசித்தார்கள். ஒவ்வொரு வீடும் தனி வீடாகவே இருக்கட்டும், ஆனால் ஒரு சத்தியத்தில் கட்டுண்டு இருக்கட்டும் என்றார்கள். தலைவர்கள் குறித்த காலத்தில் கூடவேண்டும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வேறு வீடுகளிலிருந்து இருவர் வந்து தங்க வேண்டும், அந்த வீட்டில் இருக்கும் ஒவ்வொருவரையும் தனியே கூப்பிட்டுக் கேட்க வேண்டும், பார்த்ததையும் கேட்டதையும் எழுதி வைக்க வேண்டும். சீர்திருத்த ஒன்றியங்கள் என்று வரலாற்றில் சொல்லப்படுபவற்றின் உயிர் இந்தப் பார்வையிடலில்தான் இருந்தது என்று நான் நினைக்கிறேன். பெரிய பிரகடனங்கள் எதிலும் இல்லை. அடைத்த வீட்டுக்குள் வெளியாள் இருவர் வந்து உட்கார்ந்து, உனக்கு இங்கே எப்படி இருக்கிறது என்று கேட்பதில் இருந்தது.

ஆனால் ஒருவர் தன் கூட இருப்பவர்களைப் பற்றி உண்மை பேச வேண்டுமானால், அவர் சொன்னது மறுநாள் சாப்பாட்டு மேசைக்கு வராது என்ற உறுதி வேண்டும். அதனால்தான் அந்த அறிக்கைகளை மூடி முத்திரையிடுகிறார்கள். எங்கள் ஒன்றியத்தில் ஒரு பிரதி மடத் தலைவியிடம் இருக்கும், இன்னொன்று எங்களிடம் வரும். ஐம்பது ஆண்டுகளுக்கு யாரும் திறக்கக்கூடாது. நாங்கள் உறையின் மேலே இருப்பதை மட்டும் பட்டியலில் எழுதுவோம். எந்த வீடு, எந்த மாதம், உறை எந்த நிலையில் இருக்கிறது, அவ்வளவுதான். பழைய அறிக்கைகளைத் திறக்கும் காலம் வந்து வாசிக்கும்போது எனக்கு ஒரு மரியாதை வரும். கஞ்சி தண்ணீராக இருக்கிறது, மணி நேரத்துக்கு அடிப்பதில்லை, தலைவி இரண்டு பேரோடு மட்டும் சிரித்துப் பேசுகிறார் என்றெல்லாம் யாரோ பயந்து பயந்து சொல்லியிருப்பார்கள். சொன்னவர்கள் எல்லாரும் இறந்துபோயிருப்பார்கள். அவர்கள் உயிரோடு இருக்கும்வரை அந்தச் சொல்லை நாங்கள் காத்து வைத்திருப்போம். எங்கள் தொழில் அதுதான்.

இந்தத் தொழிலுக்கு வருவதற்கு முன்பே இதை நான் ஒருவரிடம் கண்டேன். இருபத்திரண்டு வயதில் அகதியாக வந்து குரோய்டனில் குடிவரவுத் துறையின் பெரிய கட்டடத்தில் விசாரணைக்குப் போனேன். என் கோப்பை விரித்து வைத்துக்கொண்டு ஓர் அதிகாரி கேள்வி கேட்டார். அவர் இடது கை எப்போதும் தாளின் கீழ்ப்பாதியை மூடியிருந்தது. என்னைப் பற்றி ஏதோ மறைக்கிறார் என்று பயந்தேன். கடைசியில் பக்கத்தைத் திருப்பும்போது கை விலகிய ஒரு கணத்தில் பார்த்தேன். அங்கே இருந்தது வேறொருவருடைய பெயர். என்னோடு வந்த இன்னொருவரின் விவரம் அதே தாளில் இருந்திருக்கிறது. ஒரு மணி நேரம் அவர் கையை எடுக்கவே இல்லை. அவர் முகம் எனக்கு மறந்துவிட்டது. கை மறக்கவில்லை.

இவ்வளவும் தெரிந்த நான்தான் செவ்வாய்க்கிழமை அதைச் செய்தேன்.

என் மகள் ஜெனிற்றாவுக்கு அப்போது இருபத்தேழு வயது. எங்களுக்கு ஒரே பிள்ளை. ஃபாரஸ்ட் கேட்டில் வளர்ந்தவள், ஆஸ்பத்திரி ஒன்றில் பிசியோதெரபிஸ்டாக மூன்று வருடம் வேலை செய்தவள். அதை விட்டுவிட்டு லண்டனின் வடமேற்கு எல்லையில் இருந்த ஒரு கன்னியர் மடத்தில் நவதுறவியாக, வார்த்தைப்பாட்டுக்கு முந்திய பயிற்சி நிலையில், சேர்ந்தாள். அந்த மடமும் எங்கள் ஒன்றியத்தில் ஒன்று. அவள் அங்கே போனதற்கு நானும் ஒரு காரணம். வீட்டுக்கு வந்து சாப்பிடும்போது இந்தக் கதைகளையெல்லாம் சொன்னவன் நான்தானே. மனைவி இரண்டு வருடமாக அதை எனக்குச் சொல்லிக் காட்டிக்கொண்டிருந்தாள். உங்கட மடத்துக் கதையளைக் கேட்டுத்தான் பிள்ளை போயிட்டாள், கிரிக்கெட் கதை சொல்லியிருந்தா ஆராவது பெடியனைக் கட்டியிருப்பாள் என்பாள்.

பதினொரு நாளில், அடுத்த வாரச் சனிக்கிழமை, ஜெனிக்கு முதல் வார்த்தைப்பாடு. மனைவி அதற்குள் சமாதானமாகி, பங்குப் பெண்களோடு சேர்ந்து விருந்துக்கு ரோல்ஸும் பற்றீஸும் எத்தனை பொரிப்பது என்று கணக்குப் பார்க்கும் நிலைக்கு வந்திருந்தாள்.

செவ்வாய்க்கிழமை வந்த பெட்டியில் பதினாறு உறைகள். பதினொன்றாவது உறையில் அந்த மடத்தின் பெயர் இருந்தது. அந்த ஆண்டுப் பார்வையிடல். வாகனத்தில் வந்த ஈரத்தில் ஒட்டு விட்டு, உறையின் மடிப்பு வாய் திறந்தபடி கிடந்தது. உறையின் நிலையைப் பதிவது என் வேலை. உள்ளே தாள் நனைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும் அல்லவா என்று எனக்கே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். தாள் நனையவில்லை. நனையவில்லை என்று தெரிந்த பிறகும் என் கண் அதன்மேலேயே இருந்தது.

முதல் பக்கத்தை மட்டும் வாசித்தேன். எட்டுக் கன்னியரும் ஒரு நவதுறவியும் உள்ள இந்த வீடு அடுத்த குளிர்காலத்துக்கு அப்பால் தனித்து நிற்க முடியாது. இனிப் புதிதாக யாரையும் சேர்க்கக்கூடாது. கன்னியர் வேறொரு மடத்தோடு இணைவதற்கான ஏற்பாட்டை உடனே தொடங்க வேண்டும். ஒன்றியத்தின் பொதுக் கூட்டம் முடியும்வரை இது வெளியே போகக்கூடாது. அதற்குமேல் பக்கத்தைத் திருப்ப என் கை வரவில்லை. தாளை உள்ளே வைத்தேன். பட்டியலில், உறை பிரிந்திருக்கிறது, தாள் உலர்ந்திருக்கிறது என்று எழுதினேன். வாசிக்கப்பட்டது என்று எழுதவில்லை.

பொறுப்பாளர் தேநீரோடு வந்து, ஏன் முகம் வெளுத்திருக்கிறது என்று கேட்டார். மத்தியானம் சாப்பிடவில்லை என்றேன். தன் பையிலிருந்து பிஸ்கட் எடுத்துத் தந்தார்.

அன்று வீட்டுக்குப் போகும் ரயிலில் என் மனதில் ஓடியது ஒன்றே ஒன்று. மூடப்போகிற ஒரு வீட்டுக்கு என் பிள்ளை தன் வாழ்க்கையை எழுதிக் கொடுக்கப்போகிறாள். அவளுக்கு இது தெரியுமா? ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் பேசியபோது சிரித்துப் பேசினாளே. தெரிந்தால் அப்படிச் சிரிப்பாளா? வயது முதிர்ந்த அந்த எட்டுப் பேரும் ஒரு இளம் பெண்ணை இழக்க மனமில்லாமல் வாயை மூடிக்கொண்டிருக்கிறார்களோ? முதல் வார்த்தைப்பாடு மூன்று ஆண்டுகளுக்குத்தான் என்று சட்டம் சொல்லும். என் மகளை எனக்குத் தெரியும். அவள் கணக்கில் மூன்று ஆண்டு என்று எதுவும் கிடையாது.

இங்கே கொஞ்சம் நின்று யோசியுங்கள். அந்தச் சமயத்தில் என் முன்னால் நேரான வழி ஒன்று இருந்தது. மறுநாள் காலை பொறுப்பாளரிடம் போய், வாசித்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால் வேலை போகும் என்பதல்ல என் பயம். சொன்னால் விஷயம் என் கையை விட்டுப் போய்விடும், மற்றவர்கள் தங்கள் முறைப்படி மெதுவாக நடப்பார்கள், அதற்குள் சனிக்கிழமை வந்துவிடும் என்று பயந்தேன். பிள்ளை விஷயத்தில் நமக்கு முறையெல்லாம் தடையாகத் தெரியும். நான் வருடக்கணக்காக வாசித்த தாள்களில் கெட்ட தலைவர்கள் எல்லாரும் இதைத்தான் சொல்லியிருந்தார்கள், என் வீட்டு விஷயத்தை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று.

புதன்கிழமை உடம்பு சரியில்லை என்று விடுப்புச் சொல்லிவிட்டு மடத்துக்குப் போனேன். முன்னறிவிப்பு இல்லாமல் போனதற்கு வாசலில் இருந்த சிஸ்டர் ஒன்றும் சொல்லவில்லை. சந்திப்பு அறையில் உட்காரவைத்தார். ஜெனி கைகளைத் துடைத்துக்கொண்டே வந்தாள், தோட்டத்தில் நின்றிருக்கிறாள். வெள்ளை முக்காட்டின் ஓரத்தில் மண்.

அவளிடம் உண்மையைச் சொல்லக்கூடாது என்று வரும் வழியெல்லாம் எனக்கே கட்டளை போட்டிருந்தேன். ரகசியத்தைச் சொல்லாமலே அவளைத் தடுக்க வேண்டும். அது பெரிய சாமர்த்தியம் என்று நினைத்தேன். ஆகவே ஒரு பொய்யோடு போனேன்.

"அம்மாவுக்குப் பிரஷர் கூடிப்போச்சு" என்றேன். "டொக்டர் யோசிக்கக் கூடாதெண்டு சொல்லியிருக்கிறார். நீ ஒரு வருசம் பொறுத்து வார்த்தைப்பாடு குடன். ஒரு வருசத்திலை என்ன குறைஞ்சிடும்?"

அவள் என்னையே பார்த்தாள். ஆஸ்பத்திரியில் வேலை செய்தவள். எவ்வளவு இருந்தது, என்ன மாத்திரை, எப்போது பார்த்தது என்று ஆங்கிலத்தில் அடுக்கினாள். நான் தடுமாறி ஏதேதோ சொன்னேன்.

"அம்மாதான் என்னைப் பொறுக்கச் சொன்னவவோ?" என்று தமிழில் கேட்டாள்.

"ஓம்" என்றேன்.

உறையிலிருந்த தாளை வாசித்ததைப் பற்றி என்னால் ஏதோ ஒரு விளக்கம் சொல்ல முடியும். ஈரம், கவலை, தகப்பன் மனம். இந்த 'ஓம்' என்ற சொல்லுக்கு இன்றுவரை என்னிடம் விளக்கம் இல்லை.

நவதுறவிகள் நினைத்த நேரம் வீட்டுக்குப் பேச முடியாது. ஆனால் தாய்க்குச் சுகமில்லை என்றால் யார் அனுமதி மறுப்பார்கள்? நான் இரண்டு ரயில் மாறி, வீட்டுக்குப் பக்கத்து மனோர் பார்க்கில் இறங்கி, மனம் சரியில்லாமல் வீதியில் சுற்றிவிட்டு வீடு சேர்வதற்குள் ஜெனி தாயோடு பேசியிருந்தாள். மனைவி சமையலறையில் மாவு படிந்த கைகளோடு நின்றாள். சத்தம் போடவில்லை. அவள் சத்தம் போடாவிட்டால்தான் நான் பயப்பட வேண்டும்.

"இஞ்சாருங்கோ" என்றாள். "எனக்குப் பிரஷராம். நான் கலியாணம் கட்டி முப்பது வருசமா இல்லாத வருத்தம் இண்டைக்குப் பின்னேரம் வந்திருக்கு. பிள்ளை போனிலை அழுறாள், தன்னாலைதான் எனக்கு வந்ததெண்டு. என்ன நடந்ததெண்டு சொல்லுங்கோ. சொல்லாட்டி உண்மையாவே ஏறிப்போம்."

சொன்னேன். உறையில் என்ன எழுதியிருந்தது என்பதைச் சொல்லவில்லை. ஒன்றை வாசித்தேன், பயந்தேன், பொய் சொன்னேன் என்று மட்டும். அவள் மாவைப் பிசைந்தாள். பிறகு, கும்பிடப் போன இடத்திலும் பிள்ளையை நிம்மதியாக விடமாட்டீர்களா என்றாள். அதற்குப் பிறகு, அதில் மோசமாக ஏதாவது இருந்ததா என்று மெதுவாகக் கேட்டாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவளுக்கும் அன்றிலிருந்து அந்தப் பயம் வந்துவிட்டது. ஒரு ரகசியத்தைப் பாதி சொல்வது எவ்வளவு கொடுமை என்று அப்போதுதான் தெரிந்தது.

வியாழக்கிழமை காலை எட்டரைக்குப் பொறுப்பாளருக்கு முன்பாகவே அலுவலகத்தில் இருந்தேன். அவர் கோட்டைக் கழற்றுவதற்குள் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் உட்கார்ந்து கேட்டார். நடுவில் ஒரு கேள்விதான் கேட்டார். எத்தனை பக்கம்? ஒன்று என்றேன்.

அவர் எழுந்து போய் அந்தப் பட்டியலை எடுத்துவந்தார். நான் எழுதியிருந்த வரிக்குக் கீழே தன் கையெழுத்தில், உறை பிரிந்த நிலையில் இருந்தது, முதல் பக்கம் ஊழியரால் வாசிக்கப்பட்டது, அந்த ஊழியர் மடத்தின் நவதுறவியின் தந்தை என்று எழுதினார். தேதியும் நேரமும் போட்டார். கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். பிறகு அதற்கும் கீழே இன்னொரு வரி எழுதினார். நவதுறவி இந்த ஊழியரின் மகள் என்பது பொறுப்பாளருக்கு இரண்டு ஆண்டாகத் தெரியும், பெட்டியை வேறு கையில் கொடுக்கத் தவறினார் என்று. அதற்குத் தானே கையெழுத்துப் போட்டார்.

"அது வேண்டாம்" என்றேன்.

"வேணும்ண்ணே" என்றார். "ஜெனி சேர்ந்தப்ப நான்தான் கேக் வாங்கிட்டு வந்தேன். வாழ்த்து சொல்லத் தெரிஞ்சிச்சு, எழுதி வைக்கத் தெரியல."

அவர் எப்படி யோசித்து முடிவெடுக்கிறார் என்பதை அந்தக் காலையில்தான் முழுதாகப் பார்த்தேன். நான் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டேன். அவளுக்குத் தெரியுமா தெரியாதா என்று யாராவது கேட்டுச் சொல்ல முடியுமா? ஒன்பது நாள்தானே இருக்கிறது? அவர் பட்டியலை மூடி வைத்தார்.

"நீங்க படிச்சது தப்பு. அண்ணிய நோயாளி ஆக்குனது அதவிட தப்பு" என்றார். "இப்ப ஜெனிகிட்ட போய் உண்மைய சொல்லணும்னு தோணுது பாருங்க, அது மூணாவது. சொல்ல வேண்டியவங்க மடத் தலைவி ஒருத்தவங்கதான் இருக்காங்க. சொன்னாங்களான்னு கேக்க வேண்டியவங்களும் இருக்காங்க. அவங்கள கூப்பிடுறேன். நீங்க வெளிய போய் உக்காருங்க."

கதவுக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்தேன். உள்ளே அவர் ஒன்றியத் தலைவரோடு பேசுவது கேட்டது. என்ன பேசினார் என்று நான் கேட்க முயலவில்லை. அவ்வளவாவது கற்றிருந்தேன். வெளியே வந்து இவ்வளவுதான் சொன்னார். அந்த மடத்தைப் பார்வையிட்ட இருவரில் ஒருவர் இன்று பின்னேரம் அங்கே திரும்பிப் போகிறார், நான் மகளிடம் சொன்ன பொய்யையும் சேர்த்து அவர்களுக்குச் சொல்லியாயிற்று, இனி நான் எதுவும் செய்யக்கூடாது. செய்யாமல் இருப்பதுதான் இப்போது என் வேலை.

உங்களுக்குச் சொல்கிறேன், என் இருபத்தாறு வருடத்தில் மிகக் கடினமான வேலை அந்த ஒரு நாள் சும்மா இருந்ததுதான். தொலைபேசியை மனைவியிடம் கொடுத்துவிட்டேன். அவளும் அதைத் தொடவில்லை. இரண்டு பேரும் சமையலறை மேசையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். கொஞ்ச நேரம் கழித்து அவள், பற்றீஸ் போட்டுத் தருவதாகச் சொன்ன பெண்களுக்கு என்ன சொல்வது என்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன். பிறகு செபமாலையை எடுத்தாள். நானும் கூடச் சொன்னேன். என்ன கேட்பது என்று தெரியாமலே சொன்னேன். அவள் போகக்கூடாது என்று கேட்பதா, அவள் தெரிந்து போகட்டும் என்று கேட்பதா? இவை இரண்டும் வேறு வேறு வேண்டுதல்கள் என்பதே பாதி செபமாலையில்தான் எனக்கு உறைத்தது. செவ்வாய்க்கிழமையிலிருந்து நான் முதலாவதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். இரண்டாவதைத்தான் கேட்கிறேன் என்று என்னையே நம்பவைத்திருந்தேன்.

இதற்குப் பிறகு நான் அந்த வேலையில் நீடிக்கவில்லை. யாரும் என்னைத் துரத்தவில்லை. ஓய்வுக்கு இன்னும் சில ஆண்டுகள் இருந்தன. முன்கூட்டியே போகிறேன் என்று நானே கடிதம் கொடுத்தேன். பொறுப்பாளர் அதை ஒரு வாரம் மேசையில் வைத்திருந்து, பிறகு ஏற்றுக்கொண்டார். அவர் ஏற்றுக்கொண்டது சரி. மூடிய உறையை நம்பித் தருகிறவர்களுக்கு, அதை வாசித்த ஒருவன் இன்னும் அதே அறையில் இருக்கிறான் என்ற நிலை வரக் கூடாது. ஆகவே நீங்கள் வேலையைத் தொடங்குமுன்பே ஒரு தாளில் எழுதி உங்கள் மேலதிகாரியிடம் கொடுத்துவிடுங்கள். எந்தக் குடும்பம் உங்களுடையது, எந்தச் சங்கத்தில் உங்கள் மாமன் செயலாளராக இருந்தார், எந்தக் கோயில் சண்டையில் உங்கள் தகப்பன் எந்தப் பக்கம் நின்றார் என்று. பெட்டி வருவதற்கு முன் எழுதுங்கள். வந்த பிறகு எழுதமுடியாது. வந்த பிறகு உங்களுக்கு நியாயங்கள்தான் தோன்றும். எனக்குத் தோன்றியதைப் போல, தாள் நனைந்திருக்கிறதா என்று.

அந்த வார வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு, நான் இன்னும் வேலையில் இருந்தபோது, காப்பகத்தின் மணி அடித்தது. வாசிப்பு அறைக்கு அன்று யாரும் வருவதாக இல்லை. பொறுப்பாளர் கதவைத் திறக்கப் போனார். திரும்பி வந்தபோது, அண்ணே, உங்களப் பாக்க வந்திருக்காங்க என்று சொல்லிவிட்டு, தன் தேநீர்க் குவளையை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார்.

ஜெனி நின்றாள். வெள்ளை முக்காடு, கறுப்பு மழைக்கோட்டு, முதுகில் அவள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பழைய பை. மடத் தலைவியின் அனுமதியோடு ரயிலும் டிராமும் மாறி வந்திருந்தாள். நான் எழுந்து நின்றேன். அவள் வாசகர்கள் உட்காரும் மேசையில் உட்கார்ந்தாள். நானும் எதிரே உட்கார்ந்தேன்.

"மதர் எல்லாத்தையும் சொன்னவ" என்றாள். "நேற்று வந்த சிஸ்டரும் சொன்னவ."

"உனக்கு முதலே தெரியுமோ?" என்று கேட்டேன்.

"பார்வையிட வந்தவை ஆகக் கடைசியாச் சேர்ந்த ஆளைத்தான் முதல் கூப்பிட்டுக் கேப்பினம், அப்பா. பெரியாக்கள் கதைச்ச பிறகெண்டால் சின்னாள் வாய் திறக்காதெண்டு. உங்களுக்கு அது தெரியுந்தானே. அப்ப என்னைத்தான் முதல் கேட்டவை." பையை இறக்கி மேசையில் வைத்தாள். "இந்த வீட்டை மூட வேணும் எண்டு சொன்னது நான்தான். சிஸ்டர் ஒராள் படியிலை மூண்டு தரம் விழுந்திட்டா. இன்னொராளை நான் தனியத் தூக்கிறன். அவை ஒருத்தரும் அதைத் தாங்களாச் சொல்லமாட்டினம். அவைக்கு அது அவையின்ரை வீடு."

வெளியே டிராம் ஒன்று போனது. பிறகு, மூடப்போகிற வீட்டில் எதற்கு வார்த்தைப்பாடு என்று கேட்டேன். அது எந்தத் தகப்பனும் கேட்கக்கூடிய கேள்விதான். இந்த முறை அதற்குப் பின்னால் நான் வேறெதையும் ஒளித்து வைத்திருக்கவில்லை.

"எட்டுப் பேரும் புது இடத்துக்குப் போகேக்கை விருந்தாளியாக் கூடப் போக எனக்கு விருப்பமில்லை" என்றாள். "அவையிலை ஒராளாப் போகப் போறன். அடுத்த கிழமை சனி, பத்து மணி. அம்மாவோட வாங்கோ. அம்மாட்டை நான் இண்டைக்குப் போய்த்தான் கதைக்கப் போறன்."

எழுந்து பையைத் தோளில் போட்டாள். மன்னித்துக்கொள் என்று நான் சொல்லத் தொடங்கினேன். அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள். கோபமாக இல்லை. களைத்த ஒரு நோயாளியை இருக்கச் சொல்வது போல.

"நீங்கள் என்னட்டை நேரா வந்து கேட்டிருந்தால், அப்பா, நான் சொல்லியிருக்க மாட்டன்" என்றாள். "ஆனால் பொய்யும் சொல்லியிருக்க மாட்டன்."